மதினி பிடுங்கிய ப்ளக்

மேகமலைப் பக்கம் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தால் போதும், எங்கள் மதினி வீட்டில் எல்லா ப்ளக்கும் சுவரை விட்டு வெளியே வந்துவிடும். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, செல்போன் சார்ஜர், மாதா படத்துக்குப் போட்ட சீரியல் பல்பு, கடைசியாக நெட் பெட்டி. ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

"ஸ்விட்சு அணைஞ்சிருக்குன்னு யாரு கண்டா? உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? புடுங்கிக் கீழ போட்டா கண்ணுக்குத் தெரியும்ல" என்பார்.

இடி கேரளாவில் எங்கேயோ இடிக்கும். ராயப்பன்பட்டியில் மதினி வீடு இருட்டாகிவிடும். வயர்களைத் தாண்டித் தாண்டி நடந்து அடுப்படியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு, மழை வருகிறதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைவார். பாதி நாள் மழையே வராது. வராவிட்டாலும் ஏமாந்த முகம் இருக்காது. தப்பித்த முகம்தான் இருக்கும்.

மதினி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுச் சுவர் ஒன்று. அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் நின்றால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "ஆரம்பிச்சுட்டாக" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இப்போது அவர்கள் இங்கே இல்லை. மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பிள்ளைகள் வந்து, "சார், கேம் வாங்கணும். டிஸ்க்கு வாங்கவா, டவுன்லோடு பண்ணவா?" என்று கேட்கும்போதெல்லாம் மதினி ஞாபகம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காலத்தில் இதற்கு என்னிடம் ரெடியாக ஒரு பதில் இருந்தது. டிஸ்க் கீறும், தொலையும், பூஞ்சை பிடிக்கும். டவுன்லோடு என்றால் மதுரைக்கு அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் வரும், கம்ப்யூட்டரே எரிந்து போனாலும் வேறொன்றில் இறக்கிக்கொள்ளலாம். மேடை போட்டுச் சொல்வேன். மதினியிடமும் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப அது எங்கன இருக்கு?" என்று கேட்டார் மதினி.

"சர்வர்ல இருக்கும் மதினி."

"அந்தச் சர்வர் எங்கன இருக்கு?"

"எங்கயோ வெளிநாட்டுல."

"ஏன், அங்கன மழை பெய்யாதா?"

அவர் விடவில்லை. "நம்ம வீட்டுச் சாவி எவன் வீட்டு ஆணியிலயோ தொங்குதுங்குற. அதப் பெருமையா வேற சொல்லுற. நல்லாருக்குடா தம்பி."

"கண்ணுல காட்டு." இதுதான் மதினி வாயில் எந்நேரமும் இருக்கும் சொல். பால்காரர் பாத்திரத்தில் ஊற்றியதை மூடியைத் திறந்து காட்ட வேண்டும். கரண்ட் பில் கட்டியாகிவிட்டது என்று நான் சொன்னால் ரசீதைக் காட்ட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மகள் "சாப்பிட்டேம்மா" என்று வீடியோவில் சொன்னால், "தட்டக் காட்டு" என்பார். அவள் கழுவிவிட்டேன் என்றால், "ஈரத்தட்டக் காட்டு" என்பார். அந்தப் பிள்ளை சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மதினியின் அம்மா ஒருமுறை சொன்னார். மதினிக்குப் பிறந்த வீடு ஆனைமலையன்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருசம், பந்தல் முழுக்கப் பழம் கறுத்துத் தொங்குகிறது. வியாபாரி போனில் சொல்லியிருக்கிறார், "பழம் எனக்குத்தான், வேற யாருக்கும் வெட்டாதீக, ஆள் அனுப்புறேன்" என்று. அந்தச் சொல்லை நம்பி வெட்டாமல் விட்டார்கள். ஆள் வரவில்லை, மழை வந்தது. மறுநாள் பார்த்தால் பந்தலில் ஒரு பழம் விடாமல் வெடித்து, கீழே தரையெல்லாம் ஈ. அன்றிலிருந்து மதினிக்கு வானத்தின் மேலும் நம்பிக்கை இல்லை, வாய்ச்சொல்லின் மேலும் நம்பிக்கை இல்லை.

அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்? கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறும் பஸ்ஸை ஓட்டுகிற டிரைவருக்கு! எங்கள் அண்ணன் அந்த ரோட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார் என்று ஊரே சொல்லும். மதினி ஒருநாளும் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. "அவுக ஓட்டுவாக. எனக்கு உள்ள உக்காந்தா உசுரு நிக்காது" என்பார். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக அவர் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்ப்பார். குமுளிப் பனியின் ஈரம் லேசாக இருக்கும். அதைத் தொட்ட பிறகுதான் சோறு எடுத்து வைப்பார்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததும் அந்த ரோட்டில்தான். இறக்கத்தில், மாதா கோயில் வளைவில், வலது கை சட்டென்று தன்னுடையது இல்லாமல் போய்விட்டது. இடது கையாலேயே ஒடித்து, வண்டியை மலைப்பக்கம் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சரிந்திருக்கிறார். வண்டியில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "மாதா காப்பாத்துனா" என்றார்கள் ஊரில். மதினி மட்டும், "ஆளெல்லாம் எறங்குனாக. அவுக எறங்கலியே" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் ஓரளவு தேறியிருந்தது, பேச்சு குழறியது. வலது கைதான் மடியில் அப்படியே கிடந்தது. கம்பத்திலிருந்து பிசியோதெரபி பார்க்க ஒரு அம்மா வருவார். "நரம்பு சாகல. உள்ள இருக்கு, இன்னும் தொறக்கல. இப்ப கைய அசைச்சுக்கிட்டே இருந்தாத்தான் உண்டு. இந்த நாள விட்டுட்டா அப்புறம் கஷ்டம்" என்று சொல்லி, பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அண்ணன் அந்தப் பந்தை இடது கையால் எடுத்து வாசலுக்கு எறிந்தார். எத்தனை முறை எடுத்துக் கொடுத்தாலும் எறிந்தார். பஸ் ஓட்டியவர் கையில் பாப்பா விளையாடுகிற பந்தைக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் பேச மாட்டார், சாப்பிட மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மதினி அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். விட்டால் விழும்.

நான் கார் ரேஸ் விளையாடுவதற்காகத் தேனியில் பழசாக ஒரு ஸ்டியரிங் செட் வாங்கி வைத்திருந்தேன். கீழே பெடல், மேஜையில் திருகி மாட்டுகிற ஸ்டியரிங். ஒருநாள் அதைத் துடைப்பதற்காக வாசலில் வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பொருளை எடுத்து வைப்பது போல அந்த ஸ்டியரிங் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

பிசியோ அம்மா பார்த்துவிட்டு, "அப்பிடியே விடுங்க. இதுதான் இவருக்குப் பந்து" என்றார்.

சரி, பஸ் ஓட்டும் ஆட்டம் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவானது. என் பழைய கம்ப்யூட்டரை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். டவுன்லோடு பண்ணுகிறேன் என்றேன். மதினி, "கையில புடிக்கிற மாதிரி வாங்கு. டப்பாவுல வரணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மதுரையில் சொல்லிவைத்து டப்பா வந்தது. மேலே பஸ் படம், பளபளவென்று இருந்தது. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் சாவியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்குவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பைக் சாவி, டிராக்டர் சாவி வைத்திருந்தவர்கள் வரிசையில் மதினியும் டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றார். சாமியார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார்.

"பஸ்ஸு சாமி" என்றார் மதினி.

சாமியார் சிரிக்காமல் தீர்த்தம் தெளித்தார். நல்ல மனுசர்.

வீட்டுக்கு வந்து, சிலுவை போட்டு, டப்பாவைத் திறந்தால் உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு துண்டுத்தாள் மட்டும் இருந்தது. அதில் நீளமாக ஒரு நம்பர். இதை நெட்டில் அடித்து ஆட்டத்தை இறக்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. இப்போதெல்லாம் டப்பாவிலும் பாதி இப்படித்தான் வருகிறது. எனக்கே அன்றுதான் தெரியும்.

மதினி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "சேசு மரியே சூசையே! வெறும் டப்பாவையாடா மந்திரிச்சிட்டு வந்தேன்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணனும் வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். மதினி அதைப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆக, டவுன்லோடுதான். அதுவோ சாரல் மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் மாதம் என்றால் மேகம் இல்லாத நேரம் எது? நான் டவுன்லோடு போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் நெட் பெட்டியின் வயர் தரையில் கிடக்கும். மாட்டிவிட்டு வருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் நிற்கும் சத்தம் கேட்கும்; ஓடுவேன். "மதினி, இடியும் இல்ல, மின்னலும் இல்ல, இது வெறும் தூத்தல்!" என்று கத்துவேன். "வெடிச்ச பழத்த ஒட்ட வைப்பியா நீ?" என்று அவர் திருப்பிக் கத்துவார். உள்ளே அண்ணன் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிசியோ அம்மா சொன்ன நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு நாளும் எனக்குப் பதறியது.

ஒருநாள் கோபத்தை அடக்கிக்கொண்டு, "நல்லவேளை, இது நின்னு போனாலும் விட்ட எடத்துல இருந்து மறுபடி வரும். முதல்ல இருந்து வர வேண்டியதில்ல" என்றேன்.

மதினி அண்ணனைப் பார்த்தார். "விட்ட எடத்துல இருந்து வருமா?" என்றார் மெதுவாக. "மனுசனுக்கு அப்பிடி வர மாட்டேங்குதே."

அன்றைக்கு மேகம் வந்தும் அவர் நெட் வயரைப் பிடுங்கவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு நெட் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடியே மணியை உருட்டினார். ஆட்டம் இறங்கி முடிந்தது.

முடிந்தும் முதலில் பிரயோசனம் இல்லை. ஆட்டத்தில் இருந்ததெல்லாம் ஏதோ ஒரு நாட்டுத் தட்டை ரோடு. அண்ணன் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் நான் தேடித் தேடி அதைக் கண்டுபிடித்தேன். அந்த ஆட்டத்துக்கு ஆட்களே ரோடு செய்து நெட்டில் போடுகிறார்கள். குமுளியில் ஜீப் ஓட்டுகிற ஒரு மலையாளி, லோயர்கேம்ப்பிலிருந்து குமுளி வரை மலை ரோட்டை அப்படியே செய்து போட்டிருந்தார். மலையிலிருந்து கரண்ட் எடுக்கத் தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாய்கள், இரைச்சல் பாலம், மாதா கோயில் வளைவு, குரங்குகூட இருந்தது! இது எந்தக் கடையிலும் டப்பாவில் வராது. எவனும் டிஸ்க் போட மாட்டான். டவுன்லோடு என்று ஒன்று இருப்பதால்தான் கிடைத்தது.

அதைப் போட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லோயர்" என்றார். குழாய்கள் வந்ததும், "தண்ணி" என்றார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மதினி நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்த ரோட்டைப் பார்த்தார். "ஆத்தாடி, இம்புட்டு வளைவா? இதுலயா தெனம் போனீக?" என்று அண்ணன் தோளில் ஒரு அடி வைத்தார்.

அண்ணனோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் கூடலூரிலிருந்து பார்க்க வந்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. "எனக்குக் குடுங்கப்பா, வீட்டுல வச்சுப் பாத்துட்டுத் தாரேன்" என்றார். கொடுக்க முடியாது, இது என் பேரில் இருக்கிற கணக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பது என்று விளக்கினேன். "குடுக்க மனசில்லன்னு சொல்லுப்பா. அதுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்று முகம் சுண்டிப் போனார். ஆனாலும் மறுவாரம் அவரே வந்துவிட்டார், பையில் விசிலோடு! அண்ணனுக்குப் பின்னால் நின்று விசில் ஊதி, "ரைட்... ரைட்... ஓரமா, ஓரமா... ஜீப்பு வருது" என்று அவர் குரல் கொடுத்ததும் அண்ணன் ஓட்டுகிற ஓட்டமே மாறிவிட்டது. விசில் சத்தத்துக்கு அந்த வலது கை விரல்கள் தாமாக இறுகுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாதா கோயில் வளைவில் மட்டும் அண்ணன் வண்டியை நிறுத்துவார். கொஞ்ச நேரம் திரையையே பார்ப்பார். பிறகு எடுப்பார்.

ரோடு இறங்கி முடிந்த அன்றே மதினி ஒரு வேலை செய்திருந்தார். "வந்திருச்சா? கண்ணுல பாத்தாச்சா? அப்ப இன்னும் எதுக்கு வயரு?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டார். இது என்ன கிறுக்கு என்று நினைத்தேன். நெட் இல்லாமலும் ஆட்டம் ஓடியது, அதனால் விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள், என் வீட்டு கம்ப்யூட்டரில் நானும் இறக்கி வைத்திருந்த அதே ஆட்டம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் குமுளி ரோட்டைக் காணோம். புது ஆட்டத்தில் அந்த ரோடு ஓடாது என்று ஒரு வரி வந்தது. அங்கேயும் போயிருந்தால்? செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே அண்ணன் நிம்மதியாக இரைச்சல் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார். வயர் அரிசிப் பானை மேல் இருந்தது. நெட் இல்லாததால் அங்கே எதுவும் புதுசாகவில்லை.

"என்ன தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் மதினி.

"ஒண்ணுமில்ல மதினி. நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. மழைக்காலம் முடிகிற சமயம், அண்ணன் ஆட்டத்தைத் திறந்தால் திரையில் ஒரு செய்தி. ரொம்ப நாளாக நெட்டில் சேராமல் இருக்கிறீர்கள், இந்த ஆட்டம் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க ஒருமுறை சேருங்கள் என்று. அதைத் தாண்டிப் போக வழியே இல்லை. வாங்கியது நான், பேர் என்னுடையது, கம்ப்யூட்டரும் என்னுடையது. உன்னுடையதுதானா என்று எவனோ கேட்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ரோட்டைத் தனியாக எடுத்து வைக்கலாம். ஆனால் அதை ஓட்டப் பழைய ஆட்டம் வேண்டும். பழைய ஆட்டம் திறக்க நெட் வேண்டும். நெட்டைக் கொடுத்தால் ஆட்டம் புதுசாகிவிடும், ரோடு போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. ரோடு செய்த அந்த ஜீப் டிரைவரின் நம்பரைப் பிடித்து விசாரித்தேன்.

"சேட்டா, புது வெர்ஷன்ல அது ஓடாது. நான் அத விட்டாச்சு" என்றார். "என்டெ லேப்டாப்பும் போயி. பழைய ஃபைல் ஒண்ணும் கையில் இல்லா. உங்க வீட்டில் உள்ளதுதான் கடைசி, கேட்டோ."

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசிப் பானைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று கேட்டார்.

"மாட்டாத" என்றார்.

"மாட்டலன்னா தெறக்காது மதினி."

"தெறக்காட்டிப் போகுது. உள்ள இருக்குல்ல?"

"உள்ள இருந்து என்ன மதினி பிரயோசனம்? பூசை பண்ணவா?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "இல்லாமப் போறதுக்கு, மூடிக் கெடக்குறது மேலுடா. உங்கண்ணன் கையி செத்துருச்சுன்னா சொன்னாக? உள்ள இருக்கு, தொறக்கலன்னுதான சொன்னாக. நான் அத வெட்டியா போட்டேன்?" என்றார்.

அவர்கள் கோயம்புத்தூர் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றுவரை நானும் வயரை மாட்டவில்லை. அந்த ரோடு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் அப்போது, அதற்கடுத்து வந்த நாட்கள் ரொம்ப மோசம். அண்ணன் அணைந்த திரைக்கு முன்னால் வந்து உட்காருவார். ஸ்டியரிங்கில் கையை வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். தட்டை ரோட்டையாவது என் வீட்டில் ஓட்டுங்கள் என்று கூட்டிப்போனேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிசியோ அம்மா விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வந்த கை திரும்பப் போகுது. விடாதீக" என்றார். மதினி தண்ணீர் செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

கண்டக்டர் வந்து விசயத்தைக் கேட்டார். "இதுக்கு எதுக்குத் தங்கச்சி கம்ப்யூட்டரு? ரோடு அங்கனயேதான கெடக்கு. நம்ம வண்டியில முன்சீட்டப் போட்டுத் தாரேன். கூட்டிட்டு வா" என்றார்.

"அந்த ரோட்டுக்கா?" மதினிக்குக் குரல் கீச்சென்று வந்தது. "அந்த வளைவுக்கா? ஏண்ணே, நாங்க நல்லாருக்கது புடிக்கலியா?" என்று அவரை வாசல் வரை விரட்டிவிட்டார்.

அப்புறம் ஒரு காலை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் நின்றது. மேகமே இல்லாமல் ஏன் பிடுங்குகிறார் என்று எட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லா ப்ளக்கும் தரையில் கிடந்தது. மதினி பட்டுச்சேலை கட்டியிருந்தார். அண்ணனுக்குக் காக்கிச் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீயும் வா. பின்னாடி உக்காந்துக்க. ஏதாவது ஒண்ணுன்னா எம்புள்ளைக்குப் போன் பண்ண ஆள் வேணும்ல" என்றார்.

கம்பத்தில் ஏறினோம். கண்டக்டர் சொன்னபடி முன்சீட்டு. அண்ணன் சன்னலோரம், அவருக்கு வலது பக்கம் மதினி, பின்னால் நான். லோயர்கேம்ப் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். திட்டம் போட்டது அவர், பயம் எனக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மதினியின் கொண்டையும் அண்ணனின் தோளும்தான். முதல் வளைவில் அண்ணனின் தோள் லேசாகச் சாய்ந்தது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். மதினியின் தலை ஆடாமல் அசையாமல் இருந்தது. குழாய்கள் போயின. இரைச்சல் பாலம் போனது. கண்டக்டர் விசில் ஊதும் போதெல்லாம் அண்ணன் முதுகு நிமிர்ந்தது.

மாதா கோயில் வளைவு. எதிரே லாரி. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். சரியாக அந்த இடத்தில்! அண்ணனின் தோள் நடுங்குவது தெரிந்தது. லாரி உரசாமல் இறங்கிப் போயிற்று. கண்டக்டர் உள்ளே பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், நீளமாக விசில் ஊதினார். வண்டி திரும்பி மேலே ஏறியது.

குமுளியில் இறங்கினோம். பனி காற்றோடு வந்தது. அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினிக்கு முகம் வேர்த்திருந்தது. எனக்குப் பயம் தெளிந்ததும் வாய் திறந்துகொண்டது.

"என்ன மதினி, ரோட்ட நல்லாப் பாத்தீகளா?"

"எங்க பாத்தேன்? லோயர்ல மூடுன கண்ண இங்கன வந்துதான் தொறந்தேன்."

"அடேயப்பா! பால்காரர நம்பாத ஆளு, பெத்த புள்ளைய நம்பாத ஆளு, கண்ண மூடிக்கிட்டு மலையேறுனாகளாம்! எந்த வளைவு வருது, எது போச்சுன்னு எப்பிடித் தெரிஞ்சது?"

"அவுக சொன்னாக."

"அண்ணனா? ஒரு வார்த்தை பேசலியே. பின்னாடிதான இருந்தேன்."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த மாதா கோயில் வளைவுல எலும்பு ஒடிஞ்சிருச்சுன்னே நெனச்சேன்டா" என்றார். கண் நிறைந்திருந்தது. "இந்தா, நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே கண்ணுல காட்டுறேன்."

முந்தானையை விலக்கி, இடது மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வளையலுக்கு மேலே ஐந்து விரலும் சிவந்து அழுந்தப் பதிந்திருந்தன. அது அண்ணனுடைய வலது கை.